பேசும்போது இரண்டு மூளைகள் ஒத்துப்போகுமா?

மதுரை டீக்கடையில் மணிக்கணக்காகப் பேசும் இருவரின் மூளை அலைகள் ஒன்றாகிவிடுமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

ஒன்றாகாது, ஏறி இறங்கும் போக்கு ஓரளவு ஒத்துப்போகும். மண்டைக்கு மண்டை அலை எதுவும் பாய்வதில்லை, பேச்சும் பார்வையும்தான் பாலம். 2010-ல் நரம்பியல் ஆய்வாளர் யூரி ஹாசனின் குழு, கதை சொல்பவரையும் கேட்பவர்களையும் எஃப்.எம்.ஆர்.ஐ. (மூளையின் ரத்த ஓட்டத்தைக் காட்டும் ஸ்கேன்) மூலம் ஆராய்ந்தது. கேட்பவரின் மூளை பெரும்பாலும் பேசுபவரைச் சற்றுப் பின்தொடர்ந்தது. சில பகுதிகள் மட்டும், அடுத்து வருவதை ஊகிப்பதுபோல, முந்தின. புரியாத ரஷ்ய மொழியில் கதை சொன்னதும் ஒத்திசைவு மறைந்தது.

நேருக்கு நேர் பேச்சை அளக்க, மூளையின் மின் அலைகளைப் பதிவுசெய்யும் இ.இ.ஜி. தொப்பி போடலாம். ஆனால் தாடை அசைந்தாலே தசையின் மின்சாரம் கலந்துவிடும். ரத்த ஓட்டத்தை ஒளியால் அளக்கும் அகச்சிவப்புக் கருவி அசைவை ஓரளவு தாங்கும். அடர்ந்த கூந்தல் ஒளியை மறைக்கும் என்பதால் மல்லிகைச் சரத்தை எடுத்துவிட்டு, ஒவ்வொரு முனைக்கும் அடியில் முடியை விலக்க வேண்டும். மேலும், மூளை செயல்பட்ட பின் அந்த ரத்த ஓட்டம் உச்சம் தொட 5, 6 விநாடி ஆகும்.

பலர் சறுக்குவது வேறிடத்தில். அழகர் ஆற்றில் இறங்குவதைப் பார்க்கும் முன்பின் அறியாத இருவரின் மூளைகளும் ஒத்துப்போகலாம், காட்சி ஒன்று என்பதால். ஆகவே வெவ்வேறு உரையாடல்களிலிருந்து ஆட்களை மாற்றிச் சேர்த்த போலி ஜோடிகளோடு ஒப்பிட வேண்டும். இந்த ஒப்பீடு இல்லாத முடிவை நான் பொருட்படுத்துவதில்லை.