அலை ரேகை மரத்தில் பாதிக்கு மட்டும் சாயம்: கேள்வி பதில்

கேள்வி: அலை ரேகை ஓடும் மேப்பிள் பலகை. நடுவில் நீலம், ஓரம் மட்டும் மரத்தின் நிறத்திலேயே வேண்டும். மாஸ்கிங் டேப் ஒட்டிச் சாயம் தடவலாமா?

டேப்பை நம்பாதீர்கள். அது தடுப்பது மேலே ஓடும் சாயத்தை. உங்களுக்கு ஆபத்து உள்ளே ஓடுவது. மரத்தின் இழை நுண்ணிய குழாய். விளக்குத் திரி எண்ணெயை இழுப்பதுபோல் சாயத்தை டேப்புக்கு அடியில் இழுத்துக்கொண்டு போய்விடும்.

முதலில் ஈரத்துணியால் துடைத்து, காய்ந்ததும் எழும்பி நிற்கும் நாரை 320 உப்புத்தாளால் லேசாகத் தேய்த்துவிடுங்கள். எல்லைக்கோட்டில் புதுப் பிளேடால் அரை மில்லிமீட்டர் ஆழம் கீறுங்கள். மேலாக ஓடும் இழை அங்கே அறுந்துவிடும். ஓரத்துக்கு மெழுகு நீக்கிய வெளிர் அரக்கு (ஷெல்லாக்), மெல்லிசாக இரண்டு பூச்சு. சாயத்துக்கு வேலி அதுதான். கீறலுக்குள்ளும் இறங்க வேண்டும். காய்ந்த பிறகு சாயம். துணி சொட்டக் கூடாது, கோட்டிலிருந்து நடுவை நோக்கி இழுங்கள். மீறிக் கசிந்த மயிரிழையைப் பிளேடை நிமிர்த்திப் பிடித்துச் சுரண்டினால் போய்விடும். அதே பலகையின் துண்டில் முதலில் செய்து பாருங்கள்.

கேள்வி: ஸ்பிரிட்டில் கரைத்த சாயம் சீக்கிரம் காயுமே?

அரக்கும் ஸ்பிரிட்டில்தான் கரையும். வேலியைப் பிடுங்கிக்கொண்டு உள்ளே போகும். தண்ணீரில் கரைத்ததையே எடுங்கள்.

கேள்வி: டேப் ஓரத்தை நகத்தால் நன்றாக அழுத்தினால்?

முதல் பதில்.

கேள்வி: அலை எடுப்பாகத் தெரிய என்ன செய்யலாம்?

முதலில் கருப்புச் சாயம், பிறகு உப்புத்தாள், அதன் மேல் நீலம். அலையில் இழை வளைந்து வெட்டுமுகம் மேலே எட்டிப் பார்க்கும் இடங்கள் கருப்பை ஆழமாகக் குடித்திருக்கும். தேய்த்தாலும் அங்கே மட்டும் தங்கும். துண்டில் பார்த்துவிட்டு. ஆமாம், மறுபடியும்.

கேள்வி: பல வருடமாக டேப் மட்டும்தான் ஒட்டுகிறேன், ஒருமுறைகூடக் கசிந்ததில்லை. நல்ல பலகையை எதற்குக் கீற வேண்டும்?

சாயத்தை எப்படிப் போடுகிறீர்கள்?

– வார்னிஷில் கலந்து ஸ்பிரே கன்னில் அடிப்பேன்.

அப்படிச் சொல்லுங்கள்! உங்கள் நிறம் மரத்துக்குள் போகவே இல்லை, மேல் படலத்தில் நிற்கிறது. அதற்கு டேப் போதும். ஆனால் கண்ணாடித்தாள் போர்த்தியதுபோல் அலை மங்கிவிடும்.

– யாரும் குறை சொன்னதில்லையே?

பக்கத்தில் இன்னொன்றை வைத்துக் காட்டியிருக்க மாட்டீர்கள். இரண்டு துண்டையும் ஜன்னலோரம் சாய்த்துப் பாருங்கள். மரத்தில் ஊறிய நீலத்தில் அலை புரண்டு புரண்டு இடம் மாறும்; உங்களுடையதில் பாதிதான் அசையும். சாதாரண மரமென்றால் உங்கள் வழியே சுலபம், சண்டையில்லை. அலை ரேகைக்குக் காசு கொடுத்துவிட்டு அதை மூடுவானேன்?

கேள்வி: நீலத்தின் மேல் எண்ணெய் வார்னிஷ் அடிக்கலாமா?

அதன் மஞ்சள் சாயலில் நீலம் பச்சைப் பக்கம் சாயும். மெல்லிசாக அரக்கு தெளித்துவிட்டு, அதன் மேல் தண்ணீர் வகை வார்னிஷ் அடியுங்கள்.

கேள்வி: எந்த அகல டேப் நல்லது?

பெட்டி கட்டி ஒட்டுகிற அகலம்.