வாட்ஸ்அப் சத்தம் கேட்டாலே நெஞ்சு படபடக்கிறது

வணக்கம் மேடம்,

எனக்கு வயது 46. மன்னார்குடிப் பக்கம் ஒரு ரைஸ் மில்லில் 19 வருஷமாகக் கணக்குப் பார்க்கிறேன். பழைய முதலாளி மில்லை வெளியூர்க் கம்பெனிக்குக் கைமாற்றிவிட்டார். எடை மேடைச் சீட்டு இனி நேராகக் கம்ப்யூட்டரில் ஏறிவிடுமாம், பேரேடே வேண்டாமாம். ஆள் குறைப்பு உண்டா என்று கேட்டால் யாரும் வாய் திறப்பதில்லை. ராத்திரி பத்து மணிக்கு ‘நாளை காலை 9 மணி மீட்டிங்’ என்று குரூப்பில் ஒரு வரி வரும். அவ்வளவுதான், விடிய விடிய முழிப்பு. மூன்று வாரமாக இதே கதை. பெரியவள் காலேஜ் இரண்டாம் வருஷம். வீட்டு லோனும் பாதி நிற்கிறது.

இதற்கு நடுவே தினமும் காலையில் பத்து நிமிஷம் ‘மைண்ட்ஃபுல்னெஸ்’ என்று கண்ணை மூடி உட்காரச் சொல்கிறார்கள். மூடினால் லோன் தவணைதான் தெரிகிறது. பக்கத்து சீட்டுத் தம்பி குறட்டையே விடுகிறான். எனக்கு மட்டும் மனசு அடங்குவதில்லை. அப்பா விவசாயி. “தண்ணி வர்றப்ப வரும்டா” என்கிறார். கேட்டாலே எரிச்சல். நான் என்ன செய்ய?

அன்புள்ள சகோதரருக்கு,

மனசு அடங்கவில்லை என்பதால் நீங்கள் தோற்றுவிடவில்லை. 1979-ல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவமனையில் ஜான் கபாட்-ஜின் இந்தப் பயிற்சியை ஒரு பாடமாகத் தொடங்கினார். அங்கே வந்தவர்களில் பலர் தீராத வலிக்காரர்கள். எண்ணமே இல்லாமல் இருக்கச் சொல்வதல்ல அந்தப் பாடம். எண்ணம் ஓடுவதைக் கவனித்து, திரும்ப மூச்சுக்கு வருவதுதான். தவணை ஞாபகம் வந்தது, ‘தவணை வந்துவிட்டது’ என்று தெரிந்தது, மூச்சுக்குத் திரும்பினீர்கள் என்றால் பயிற்சி நடந்துவிட்டது. தூங்குகிற தம்பியைவிட நீங்கள் நன்றாகவே செய்கிறீர்கள்.

கண்ணை மூடினால் பயம் கூடுகிறவர்கள் உண்டு. திறந்தே செய்யுங்கள். லாரி ஏறியதும் எடை மேடையில் எண் ஆடுமே, அது நிற்கும்வரை சீட்டுப் போடமாட்டீர்கள் அல்லவா? அந்த ஆட்டத்தை மட்டும் பாருங்கள், கால் தரையில் படுவது தெரியட்டும். மாதிரிக்கு எடுத்த நெல்லை ஒன்று கடித்துப் பாருங்கள். நறுக்கென்று உடைகிறதா, பல்லில் நசுங்குகிறதா? அரை நிமிஷம் போதும்.

ராத்திரி மெசேஜ் வந்தால் நோட்டில் நடுவே ஒரு கோடு போடுங்கள். இடப்பக்கம் வந்த செய்தி மட்டும்: ‘9 மணி மீட்டிங்.’ வலப்பக்கம் மனசு சேர்த்தது: ‘என்னை அனுப்பப் போகிறார்கள்.’ கணக்குக்காரருக்கு இரண்டையும் ஒரே பக்கத்தில் எழுதக் கூடாது என்று நான் சொல்லித் தர வேண்டியதில்லை.

இனி நான் சொல்வது உங்கள் மில்லில் பிடிக்காமல் போகலாம். மூச்சைக் கவனிக்கச் சொல்லிவிட்டு, வேலை இருக்குமா என்பதை மட்டும் சொல்லாமல் வைப்பது முறையல்ல. அந்தப் பத்து நிமிஷம் பதிலுக்கு ஈடாகாது. எழுத்தில் கேளுங்கள்: புது சிஸ்டத்தில் என் வேலை என்ன, பயிற்சி யார் தருவார்கள், பழைய 19 வருஷ சர்வீஸ் பணிக்கொடைக்குச் சேருமா? தனியாகக் கேட்கத் தயக்கமென்றால் நாலு பேர் சேர்ந்து கேளுங்கள்.

மூன்று வாரத் தூக்கமின்மையும் படபடப்பும் சும்மா விடக்கூடியவை அல்ல. ஒரு டாக்டரிடம் ரத்த அழுத்தம், சர்க்கரை பார்த்துவிடுங்கள். நடு ராத்திரியில் தாங்கவில்லை என்றால் 14416, டெலி-மானஸ் இலவச எண், தமிழிலேயே பேசலாம்.

அப்பாவின் மேல் எரிச்சல் வேண்டாம். மேட்டூர் திறக்கும் வழக்கமான நாள் ஜூன் 12. 2022-ல் மே 24-லேயே திறந்தார்கள், 2024-ல் ஜூலை 28 வரை இழுத்தது. அந்த ஒன்றரை மாதம் ‘வர்றப்ப வரும்’ என்று அவர் திண்ணையிலேயே உட்கார்ந்திருந்தாரா, இல்லை விதை நெல், வாய்க்கால் என்று எதையாவது பார்த்துக்கொண்டிருந்தாரா? ஒருநாள் சாயங்காலம் வரப்போரமாக நடந்துகொண்டே கேட்டுப் பாருங்கள்.