"ஓர் ஆளை இறக்கினால் முடிந்தது" என்கிறவருக்குப் பதில்

லாரி உறிஞ்சிய பிறகும் செப்டிக் டேங்க் அடியில் சேறு நிற்கிறது, ஓர் ஆளை இறக்கலாம், "அவங்களுக்குப் பழக்கம்தானே" என்று உங்கள் குடியிருப்புச் சங்கச் செயலாளர் சொல்வதாக எழுதியிருக்கிறீர்கள். அந்தப் 'பழக்கம்' என்ற சொல்தான் ஆளைக் கொல்கிறது. தொட்டிச் சேற்றில் உண்டாகும் ஹைட்ரஜன் சல்பைடு என்ற நச்சு வாயுவுக்கு எந்த நுரையீரலும் பழகாது. பழகுவது மூக்கு மட்டுமே. செறிவு கூடும்போது அழுகிய முட்டை நாற்றமே தெரியாமல் போய்விடும். சேற்றைக் கிளறினால் அடைபட்ட வாயு சட்டென்று வெளியேறும். தூக்கப் போகும் இரண்டாவது ஆளும் அதிலேயே விழுவார். மூடியைக் கொஞ்ச நேரம் திறந்து வைத்தால் போதும் என்பதும் தவறு.

உரிமம் பெற்ற லாரியை மறுபடி வரவழையுங்கள். மேலிருந்தே தண்ணீரைப் பீய்ச்சிக் கரைத்து உறிஞ்சட்டும். சில அங்குலம் மிஞ்சினால் பரவாயில்லை, அதிலுள்ள நுண்ணுயிர்கள் தொட்டிக்குத் தேவை.

சங்கத்துக்கு எழுத்தில் கொடுங்கள். கையால் மலம் அள்ளும் வேலைக்கு ஆள் அமர்த்துவதைத் தடுக்கும் 2013 சட்டத்தின் 7ஆம் பிரிவு, பாதுகாப்பின்றி ஆளை இறக்குவதைத் தடை செய்கிறது. நேரடியாக அமர்த்தினாலும் ஒப்பந்தக்காரர் வழியாக அமர்த்தினாலும் குற்றம்தான். முதல் முறைக்கே 2 ஆண்டு வரை சிறை, அல்லது 2 லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். உயிர் போனால் இழப்பீடு 30 லட்சம் என்று 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

"அவரே சம்மதிச்சார்" என்பார்கள். அன்றைய கூலி இல்லாமல் அடுப்பெரியாதவர் சொல்லும் 'சரி'யைச் சம்மதமாக எடுக்காதீர்கள். கூட்டத்தில் வாக்கெடுப்பு வந்தால், இறங்கப்போகிறவரின் பெயர், வயது, வீட்டார் தொலைபேசி எண் மூன்றையும் சொல்லச் சொல்லிக் கேளுங்கள். 'ஓர் ஆள்' என்று இருக்கும்வரைதான் கைகள் எளிதாக உயரும்.