மயிலாப்பூரில் வீடு: முதலில் மனை யாருடையது?

மயிலாப்பூரில் வீடு வாங்க நினைப்பவர்கள் அனுப்பிய கேள்விகளில் பெரும்பாலானவை விலையைப் பற்றியவை. விலையை அப்புறம் பேசலாம். இந்த ஊரில் வீட்டைப் பார்க்கும் முன் மண்ணைப் பார்க்க வேண்டும். அதனால் மனையைப் பற்றிய கேள்வியிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

மாட வீதிக்குப் பக்கத்துச் சந்தில் ஒரு தனி வீடு. அக்கம்பக்க விலையில் பாதிதான் கேட்கிறார்கள். "மனை கோவிலோடது, கட்டடம் எங்களோடது, தாத்தா காலத்துலேர்ந்து இருக்கோம்" என்கிறார் விற்பவர். வாங்கலாமா? (பெங்களூரு வாசகர்)

பாதி விலைக்கான காரணத்தை அவரே சொல்லிவிட்டாரே! கபாலீசுவரர் கோவிலைச் சுற்றி இப்படிப்பட்ட வீடுகள் நிறைய உண்டு. மனைக்குக் கோவிலுக்கு வாடகை போகும், மேலே இருக்கும் கட்டடம் குடியிருப்பவருடையது. தலைமுறைகளாக அப்படியே ஓடிக்கொண்டிருப்பதால், விற்பவருக்கே அது சொந்த வீடு என்ற நினைப்பு வந்துவிடுகிறது.

சட்டம் அப்படிப் பார்ப்பதில்லை. 1959ஆம் ஆண்டின் இந்து சமய அறநிலையச் சட்டப்படி கோவில் நிலத்தை விற்கவோ, ஐந்து ஆண்டுக்கு மேல் குத்தகைக்கு விடவோ ஆணையரின் அனுமதி வேண்டும். அது இல்லாமல் சார்பதிவாளர் பத்திரம் பதியமாட்டார். அதனால் உங்களிடம் 'அனுபவ உரிமை' என்று முத்திரைத்தாளில் எழுதிய ஓர் ஒப்பந்தத்தை நீட்டுவார்கள். கோவிலின் சம்மதம் இல்லாமல் அதை வைத்துக்கொண்டு உள்ளே போனால், கோவிலின் பார்வையில் நீங்கள் வாடகைதாரர்கூட இல்லை, ஆக்கிரமிப்பாளர். வெளியேற்றுவதற்கு அதே சட்டத்தில் தனிப் பிரிவு இருக்கிறது. பழைய வாடகை பாக்கி இருந்தால் அதுவும் உங்கள் தலையில்தான் வந்து விழும். நியாய வாடகை என்று சந்தை மதிப்பை வைத்துக் கணக்குப் போட்டு அவ்வப்போது உயர்த்துவதும் உண்டு. வங்கிக் கடன் கிடைப்பது கஷ்டம்.

"மனு போட்டா மனையையே வாங்கிடலாம் சார்" என்று சொல்லும் தரகர்கள் இன்னும் இருக்கிறார்கள். 1921ஆம் ஆண்டின் நகரக் குடியிருப்போர் பாதுகாப்புச் சட்டத்தில் அப்படி ஒரு வழி இருந்தது உண்மைதான். 1996இல் வந்த திருத்தம் கோவில் உள்ளிட்ட சமய நிறுவனங்களின் நிலத்தை அந்தச் சட்டத்திலிருந்தே வெளியே எடுத்துவிட்டது.

சொத்து வரி ரசீது, மின் இணைப்பு, குடிநீர் வரி எல்லாம் விற்பவர் பேரில் இருக்கும். இருக்கத்தான் செய்யும். கட்டடத்தை யார் அனுபவிக்கிறார் என்பதைத்தான் அவை காட்டும், மண்ணைப் பற்றி ஒன்றும் சொல்லாது. நகர நில அளவைப் பதிவேட்டின் நகலை (டி.எஸ்.எல்.ஆர். என்று கேட்டால் வட்டாட்சியர் அலுவலகத்தில் எல்லோருக்கும் தெரியும்) வாங்கி, உரிமையாளர் என்ற கட்டத்தில் யார் பெயர் இருக்கிறது என்று பாருங்கள். அங்கே அருள்மிகு என்று ஆரம்பித்தால், கும்பிடு போட்டுவிட்டு அடுத்த வீட்டைப் பார்க்கப் போங்கள்.

மந்தைவெளிப் பக்கம் எண்பதுகளில் கட்டிய ஃபிளாட். 850 சதுர அடி, மூன்று மாடி, லிஃப்ட் கிடையாது. "எப்படியும் ரீடெவலப்மென்ட்டுக்குப் போயிடும்" என்று சொல்லியே விலையை ஏற்றுகிறார்கள். நம்பலாமா? (தாம்பரம் வாசகி)

போகலாம், போகாமலும் இருக்கலாம். கணக்கை நீங்களே போட்டுப் பாருங்கள். மொத்த மனை இரண்டு கிரவுண்டு, அதாவது 4,800 சதுர அடி, எட்டு வீடுகள் என்று வைத்துக்கொள்வோம். உங்கள் பங்குக்கு 600 சதுர அடி யூ.டி.எஸ். (மனையில் உங்களுக்குள்ள பிரிக்கப்படாத பங்கு) வர வேண்டும். இப்போதைய விதிப்படி உயரமில்லாத கட்டடத்துக்குத் தளப்பரப்பு விகிதம் 2, அதாவது மனையைப் போல இரண்டு மடங்கு. ஆக 9,600 சதுர அடி கட்டலாம். எட்டுப் பேருக்கும் இருக்கிற 850ஐ அப்படியே திருப்பிக் கொடுத்தால் 6,800 போய்விடும். பில்டர் கையில் மிஞ்சுவது 2,800. அதை விற்றுத்தான் இடித்துக் கட்டும் செலவு, உங்கள் இரண்டு வருட வாடகை, அவருடைய லாபம் எல்லாம் வர வேண்டும். மயிலாப்பூர் விலைக்கு இது சில இடங்களில் கட்டுபடியாகும். ஆனால் "ஆளுக்கு 1,200 சதுர அடி தருவாங்க" என்று யாராவது சொன்னால், 9,600ஐ எட்டால் வகுத்துக் காட்டச் சொல்லுங்கள். இதற்கு மேல் அரசுக்குப் பணம் கட்டி வாங்கும் கூடுதல் பரப்பு எவ்வளவு கிடைக்கும் என்பது தெருவின் அகலத்தைப் பொறுத்தது. நம் தெருக்களின் அகலம் உங்களுக்கே தெரியும்.

பத்திரங்களைப் படிக்கும்போது இரண்டு விஷயங்களைத் தேடுங்கள். எட்டுப் பேரின் யூ.டி.எஸ்.ஸையும் கூட்டினால் முழு மனையும் வருகிறதா? பழைய நில உரிமையாளர் ஒரு துண்டைத் தன் பேரிலேயே வைத்துக்கொண்ட கட்டடங்கள் உண்டு. அப்புறம், மொட்டை மாடி உரிமையை யாராவது தனியாக எழுதி வாங்கியிருக்கிறாரா? அப்படி ஒருவர் இருந்தால் பேச்சுவார்த்தை முழுக்க அவர் வீட்டு வாசலில்தான் நடக்கும்.

ஒரு நல்ல செய்தியும் உண்டு. 2022ஆம் ஆண்டின் அடுக்ககச் சட்டம் 2024 மார்ச்சில் நடைமுறைக்கு வந்தது. அதன்படி மறுகட்டுமானத்துக்கு மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்கள் சம்மதித்தால் போதும். எட்டில் ஆறு பேர் என்று வைத்துக்கொள்ளுங்கள். கீழ்வீட்டுக்காரர் ஒருவர் மட்டும் முடியாது என்று சொல்லி முடக்கிப்போடும் காலம் போய்விட்டது.

புதிதாகக் கட்டும் ஃபிளாட் ஒன்றில் ரெரா (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையம்) பதிவு எண்ணைக் கேட்டால் "எங்களுக்குத் தேவையில்லை" என்கிறார்கள். ஏமாற்றா?

ஏமாற்றாக இருக்க வேண்டியதில்லை. மனை 500 சதுர மீட்டருக்கு மேல் போகாவிட்டாலோ, வீடுகள் எட்டைத் தாண்டாவிட்டாலோ பதிவு கட்டாயமில்லை. இரண்டு கிரவுண்டு என்பது சுமார் 446 சதுர மீட்டர். மயிலாப்பூரின் புதுக் கட்டடங்களில் கணிசமானவை இதற்குள் அடங்கிவிடும். பதிவு இல்லாத இடத்தில், வேலை முடிய முடியத் தவணை கட்டும்படி ஒப்பந்தத்தை நீங்களே இறுக்கிக்கொள்ள வேண்டியதுதான்.

அப்பாவின் பூர்வீக வீட்டை விற்கிறோம் என்கிறார் எங்களுக்குத் தெரிந்த ஒருவர். இரண்டு அக்காக்களும் அமெரிக்காவில். "அவங்களுக்கு ஒண்ணும் வேண்டாமாம்" என்கிறார். வாய்வார்த்தை போதுமா?

போதாது. தமிழ்நாட்டில் 1989 முதலே, 2005க்குப் பிறகு நாடு முழுவதும், பூர்வீகச் சொத்தில் மகள்களுக்கு உரிமை உண்டு. வேண்டாம் என்றால் விடுதலைப் பத்திரம் எழுதிப் பதிவு செய்யட்டும், இல்லையென்றால் கிரயப் பத்திரத்தில் அவர்களும் கையெழுத்துப் போடட்டும். வர முடியாவிட்டால் அங்கே சான்றொப்பம் பெற்ற பவர் பத்திரத்தை அனுப்பலாம். அது இந்தியாவுக்கு வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் இங்கே முத்திரைத் தீர்வை கட்டிவிட வேண்டும்.

வெளிநாட்டில் வசிப்பவர் பங்குக்குப் பணம் கொடுக்கும்போது வழக்கமான ஒரு சதவீத டி.டி.எஸ். (பணம் கொடுக்கும்போதே பிடிக்கும் வருமான வரி) பொருந்தாது. பிடித்தம் அதைவிடப் பல மடங்கு, பொறுப்பு வாங்குபவராகிய உங்களுடையது. முன்பணம் கொடுப்பதற்கு முன்பே ஆடிட்டரைப் பாருங்கள்.

வில்லங்கச் சான்றை (சொத்தின் மேல் பதிவான பத்திரங்களின் பட்டியல்) இணையத்தில் எடுத்ததோடு நிறுத்திவிடாதீர்கள். இணையத்தில் கிடைக்காத பழைய பதிவுகளுக்குச் சார்பதிவாளர் அலுவலகத்தில் தனியாக மனுச் செய்ய வேண்டும். பூர்வீக வீட்டின் சங்கதியெல்லாம் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.

மெட்ராஸ் டெரஸ் கூரை போட்ட பழைய வீடு, பட்டாவெல்லாம் சுத்தம். மழைக்கு ஒழுகுகிறது. இடித்துவிடச் சொல்கிறார் கான்ட்ராக்டர்.

அவசரப்படாதீர்கள். எனக்குப் பிடித்த கேள்வி இது, கொஞ்சம் நீட்டித்தான் சொல்வேன்.

உள்ளே நின்று அண்ணாந்து பாருங்கள். தேக்குச் சட்டங்கள் வரிசையாக ஓடும். அவற்றின் மேல் மெல்லிய செங்கற்களைக் குத்துவாக்கில், சுண்ணாம்புச் சாந்தில் சாய்வு வரிசையாக அடுக்கியிருப்பார்கள். அதற்கு மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து, கடுக்காய்த் தண்ணீர் தெளித்துக் கட்டையால் அடித்து இறுக்கிய தளம். எல்லாவற்றுக்கும் மேலே தளஓடு. மே மாத மதியத்தில் இந்த அறைக்கும் கான்கிரீட் அறைக்கும் உள்ள வித்தியாசத்தை உடம்பே சொல்லும்.

இந்தக் கூரைக்கு நோய் வருவது பெரும்பாலும் சட்டங்கள் சுவருக்குள் நுழையும் முனையில்தான். ஒரு ஸ்க்ரூ டிரைவரால் அந்த முனையைக் குத்திப் பாருங்கள். 'டங்' என்று நின்றால் நல்ல மரம். பொதபொதவென்று இறங்கினால் உளுத்துவிட்டது, இல்லை கரையான் குடியிருக்கிறது. இரண்டு மூன்று சட்டங்கள் மட்டும் என்றால் மாற்றிவிடலாம். பாதிக்கு மேல் போயிருந்தால் கான்ட்ராக்டர் சொல்வதைக் கேட்கத்தான் வேண்டும்.

ஒழுகல் பல வீடுகளில் தளஓட்டின் இணைப்பிலிருந்தும், மழைநீர்க் குழாயின் வாயிலிருந்தும் வருகிறது. அதை விட்டுவிட்டு மேலே இன்னொரு அடுக்கு சிமென்ட் கான்கிரீட் கொட்டுவார்கள். பழைய மரத்துக்கு அந்தப் பாரம் ஆகாது. சுண்ணாம்புச் சுவரில் சிமென்ட் பூசுவதும் அதே ரகம்தான். உள்ளே இறங்கிய ஈரம் வெளியே வர வழியில்லாமல் சுவர் உப்புப் பூத்துக் கொட்டும். சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனாரைத் தேடிப் பிடியுங்கள். கூலி அதிகம் கேட்பார், கொடுங்கள்.

பக்கத்து வீட்டோடு பொதுச்சுவர் இருந்தால், அதில் கை வைக்கும் முன் அவர்களிடம் எழுத்தில் ஒப்புதல் வாங்கிக்கொள்ளுங்கள். அப்புறம் இருபது வருடம் முகம் பார்த்து வாழ வேண்டியவர்கள்.

மெட்ரோ வந்தால் விலை ஏறுமா?

திருமயிலையில் பறக்கும் ரயில் 1997லேயே வந்துவிட்டது. இப்போது கட்டுவது இரண்டு மெட்ரோ தடங்கள் சந்திக்கும் ஆழமான நிலையம். ஏற்றத்தின் பெரும்பகுதி கேட்கும் விலையில் ஏற்கெனவே ஏறிவிட்டது. வேலை நடக்கும் இடத்துக்குப் பக்கத்தில் பழைய வீடு வாங்கினால், விரிசல்களைத் தேதி தெரியும்படி படம் எடுத்து வையுங்கள்.

குடியிருக்க எப்படி? எங்களிடம் இரண்டு கார்கள். (அண்ணா நகர் தம்பதி)

ஒன்றை விற்றுவிட்டு வாருங்கள். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. பழைய வீடுகளில் திண்ணை உண்டு, கார் நிறுத்த இடம் கிடையாது. பங்குனிப் பெருவிழா பத்து நாளும், முக்கியமாக ஏழாம் நாள் தேருக்கும் எட்டாம் நாள் அறுபத்துமூவருக்கும், மாட வீதிகளுக்குள் வண்டி அசையாது. நவராத்திரியில் வடக்கு மாட வீதி பொம்மைக் கடைகளுக்குப் போய்விடும். இதெல்லாம் பிடித்தவர்களுக்கு இதைவிட நல்ல ஊர் சென்னையில் இல்லை: காய்கறி, டிகிரி காபி, நாகேஸ்வர ராவ் பூங்கா எல்லாம் நடந்து போகும் தூரம்.

சந்தேகமாக இருந்தால் ஒரு வருடம் வாடகைக்கு இருந்து பாருங்கள். ஒரு பங்குனியும் ஒரு ஐப்பசி மழையும் அதில் வந்துவிடும். வாடகை ஒப்பந்தத்தை எழுத்தில் போட்டு, 2019இல் நடைமுறைக்கு வந்த புதுச் சட்டப்படி வாடகை அதிகாரியிடம் பதிந்துகொள்ளுங்கள். அங்கேயும், வாடகை வாங்குபவர் வீட்டுக்காரரா, இல்லை கோவில் மனையில் இருக்கும் வாடகைதாரரா என்று அட்வான்ஸ் கொடுக்கும் முன் கேட்டுவிடுங்கள்.