மேஸ்திரி வீட்டுப் பையனும் ஆர்க்கிடெக்சரும்

குடியாத்தத்திலிருந்து ஒரு தாய் எழுதியிருக்கிறார். கணவர் கட்டட மேஸ்திரி. மகன் பிளஸ் டூ, கணக்குப் பிரிவு. ஞாயிற்றுக்கிழமையானால் பஸ் ஏறி வேலூர் கோட்டைக்குப் போய், ஜலகண்டேஸ்வரர் கோயில் கல்யாண மண்டபத்துத் தூண்களை நோட்டில் வரைந்துகொண்டு உட்கார்ந்துவிடுகிறானாம். ஆர்க்கிடெக்சர்தான் படிப்பேன் என்கிறான். சென்னையில் ஐடி வேலையில் இருக்கும் தாய்மாமாவோ, "கொத்தனார் வேலைக்கு அஞ்சு வருஷப் படிப்பா? வீட்டுமனையை வச்சுப் பணம் புரட்டுங்க, மேனேஜ்மென்ட் கோட்டாவில் கம்ப்யூட்டர் சயின்ஸ் வாங்கிடலாம்" என்கிறார். பையன் வாழ்க்கை வீணாகிவிடுமோ என்று அம்மாவுக்குத் தூக்கம் இல்லை.

அம்மா, "கவலைப்படாதீர்கள், எல்லாம் சரியாகிவிடும்" என்று எழுதினால் உங்களுக்கு ஒரு பயனும் இல்லை. முதலில் ஒன்று: மனையை அடமானம் வைக்காதீர்கள். பிள்ளை கேட்காத படிப்புக்குக் கடன் வாங்குவது, மாமா கௌரவத்துக்கு நீங்கள் வட்டி கட்டுவது. கம்ப்யூட்டர் சயின்ஸைப் பற்றி நான் இங்கே எழுதப்போவதில்லை. அதைச் சொல்லத் தெருவுக்கு நாலு பேர் இருக்கிறார்கள்.

ஆர்க்கிடெக்ட் என்றதும் மாமாவுக்கு நினைவுக்கு வருவது பங்களா எலிவேஷன், அதாவது வீட்டின் முகப்புப் படம். அவர் பார்க்காதது, ஆராய்ச்சியும் செய்கிற சின்ன ஸ்டுடியோ. ஐந்தாறு பேர், வாடகைக்கு ஒரு மாடி. வீடு, பள்ளிக்கூடம் என்று டிசைன் செய்து வாங்கும் ஃபீஸில்தான் ஆராய்ச்சியும் ஓடும். என்ன ஆராய்ச்சி? இடிக்கப்போகிற பழைய வீட்டுக்குள் டேப் பிடித்து, சுவர்க் கனம், ஜன்னல் உயரம், முற்றத்துச் சரிவு வரை அளந்து வரைவது. மெட்ராஸ் டெர்ரஸ் கூரையில் மர உத்தரங்களின் மேல் செங்கல்லை எப்படி மூலைவாட்டில் நிறுத்தி அடுக்கினார்கள், சுண்ணாம்புக் கலவையில் கடுக்காய்த் தண்ணீர் எதற்கு என்று வயதான கொத்தனாரிடம் உட்கார்ந்து கேட்டு எழுதுவது. மே மாத மத்தியானத்தில் ஒரே தெருவின் ஓட்டு வீட்டிலும் கான்கிரீட் வீட்டிலும் தெர்மாமீட்டர் வைத்துப் பார்ப்பது. வெயிலைப் பற்றி வேலூர்க்காரர்களுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம்தான். எந்தக் கூரை அதைத் தாங்குகிறது என்று அளந்து சொல்ல ஆள் வேண்டுமே.

இப்படிப்பட்ட இடங்களைத் தொடங்கியவர்கள் யார் என்று பாருங்கள். திருச்சூரில் 1985-இல் குறைந்த செலவில் கட்டடம் கட்டும் காஸ்ட்ஃபோர்டு அமைப்பைத் தொடங்கியவர்களில் அச்சுத மேனன் கேரளத்தின் முன்னாள் முதலமைச்சர், கே.என். ராஜ் பொருளாதார அறிஞர், டி.ஆர். சந்திரதத் சமூகச் செயல்பாட்டாளர். ஆர்க்கிடெக்ட் என்று இருந்தவர் லாரி பேக்கர். பர்மிங்ஹாமில் படித்த அவர், இந்தியாவுக்கு வந்தது தொழுநோயாளிகளுக்கான கட்டட வேலைக்கு. அவர் பரப்பிய 'ராட் ட்ராப்' (எலிப்பொறி) முறைச் சுவரில் செங்கல்லைப் படுக்க வைக்காமல் நிறுத்தி, நடுவில் வெற்றிடம் விடுவார்கள். செங்கல் ஏறக்குறைய கால் பங்கு மிச்சம், வெக்கையும் உள்ளே அவ்வளவு இறங்காது. உங்கள் வீட்டுக்காரரிடம் கேளுங்கள், என்னைவிட நன்றாக விளக்குவார். அப்பா கையில் இருக்கும் அந்த அறிவு இந்தப் படிப்பில் பையனுக்கு மூலதனம். வெட்கப்பட வேண்டிய விஷயம் இல்லை.

மாமாவுக்கும் ஒரு செய்தி. லண்டன் கோல்ட்ஸ்மித்ஸில் 2010-இல் ஏயல் வைஸ்மன் தொடங்கிய ஃபாரன்சிக் ஆர்க்கிடெக்சர் என்ற குழு, குண்டு விழுந்த கட்டடங்களை ஆராய்ந்து மனித உரிமை மீறல்களுக்கு ஆதாரம் திரட்டுகிறது. அங்கே ஆர்க்கிடெக்டுகளோடு சாஃப்ட்வேர் ஆட்கள், பத்திரிகையாளர்கள், வக்கீல்கள் எல்லோரும் உண்டு. கம்ப்யூட்டர் எங்கேயும் போய்விடாது.

இனி கசப்பான பகுதி. படிப்பு ஐந்து வருஷம். லேப்டாப், ஷீட், மாடல் செய்யும் அட்டை, ஸ்டடி டூர் என்று செலவு கையைக் கடித்துக்கொண்டே இருக்கும். சின்ன ஸ்டுடியோவில் முதல் சில வருஷச் சம்பளம், ஐடி வேலையோடு ஒப்பிட்டால் சொல்லிக்கொள்ளும்படி இருக்காது. நம் ஊர்ப் பக்கம் வீட்டு பிளானுக்கு எஞ்சினியரிடமோ மேஸ்திரியிடமோதான் போவார்கள். அதனால் கவுன்சலிங்கில் கிடைக்கும் சீட் மட்டும். மேனேஜ்மென்ட் கோட்டா இந்தப் படிப்புக்கும் வேண்டாம், இதில் நான் இறங்கி வர மாட்டேன்.

தமிழ்நாட்டுத் தரவரிசையில் பிளஸ் டூ மதிப்பெண்ணுக்குப் பாதி, ஆர்க்கிடெக்சர் நுழைவுத் தேர்வான நாட்டாவுக்குப் பாதி. கிண்டியில் அண்ணா பல்கலைக்கழகத்தின் ஆர்க்கிடெக்சர் பள்ளியைக் குறி வையுங்கள். திருச்சி என்ஐடிக்கு ஜேஇஇ மெயினில் ஆர்க்கிடெக்சருக்கான தாள் தனியாக எழுத வேண்டும். எந்தக் கல்லூரியானாலும் இந்தத் தொழிலை முறைப்படுத்தும் கவுன்சில் ஆஃப் ஆர்க்கிடெக்சரின் அங்கீகாரம் இருக்கிறதா என்று பாருங்கள். 1972-ஆம் ஆண்டுச் சட்டப்படி அங்கே பதிவு செய்தவர்தான் ஆர்க்கிடெக்ட் என்று போர்டு மாட்டலாம்.

அப்புறம், "நல்லா யோசிச்சியாடா" என்று அவனைத் தினமும் கேட்காதீர்கள். அவன் சொல்லிவிட்டான். செய்ய வேண்டியது வேறு. உங்கள் வீட்டையே அளந்து, அளவு மாறாமல் பிளான் வரையச் சொல்லுங்கள். அப்பா டேப் வைத்துச் சரிபார்க்கட்டும். அரை அங்குலத் தப்புக்காகத் திரும்பப் போய் அளக்கிறான் என்றால் நாட்டாவுக்கு விண்ணப்பம் போடுங்கள். தூண் வரைவது மட்டும் பிடித்து, அளப்பது சலிக்கிறது என்றால் அவனுக்கான இடம் சென்னை அரசு கவின் கலைக் கல்லூரியாக இருக்கலாம். அப்படியென்றால் எழுதுங்கள், அதைப் பற்றித் தனியாகப் பேசுவோம்.