ஆபீஸ் கிளவுட் கோப்புகளை எப்படி ஒழுங்குபடுத்துவது? கேள்வி பதில்

கூகுள் டிரைவ், ஒன்டிரைவ், ஷேர்பாயின்ட் ஆகியவற்றில் வருடக்கணக்காகக் குவிந்த கம்பெனிக் கோப்புகளைப் பற்றி கோலாலம்பூர், பினாங்கு வட்டாரத்திலிருந்து வந்த கேள்விகளும் பதில்களும்.

செந்தூல், ஏர்கான் சர்வீஸ் கம்பெனி: சார், நாங்க 30 பேர். 2016-லேர்ந்து எல்லாமே கூகுள் டிரைவ்லதான். மேல்மட்டத்துலயே 47 ஃபோல்டர், பாதி ஆள் பேர்ல இருக்கு. எங்கேர்ந்து தொடங்குறது?

புது ஃபோல்டர் திறந்து தொடங்காதீர்கள், 48-ஆவது ஃபோல்டர்தான் மிஞ்சும். முதலில் ஒரு ஷீட் போடுங்கள்: ஃபோல்டர் பெயர், யார் கணக்கில் இருக்கிறது, கடைசியாகத் திருத்திய தேதி, யார் யார் பார்க்கிறார்கள். 47 வரிதானே, ஒரு மத்தியானத்தில் முடியும்.

18 மாதமாக யாரும் தொடாததை 'ஆர்க்கைவ்' என்ற தனி ஷேர்டு டிரைவுக்கு (ஒரு ஆளின் கணக்கில் இல்லாமல் கம்பெனிக்கே சொந்தமாக இருப்பது) தள்ளி, எல்லாருக்கும் வியூவர் அனுமதி மட்டும் கொடுங்கள். அதற்குள் அடுக்கி வைக்கப் புகுந்தால் மூன்று மாதம் போய்விடும், பலன் இருக்காது. ஆனால் தேதியை மட்டும் நம்பினால் இரண்டு இடத்தில் மாட்டுவீர்கள். கடை வாடகை ஒப்பந்தம், டிபிகேஎல் (கோலாலம்பூர் மாநகராட்சி) லைசன்ஸ், கம்ப்ரசர் வாரண்டி எல்லாம் வருடக்கணக்கில் திருத்தப்படாமல் கிடக்கும், ஆனால் இன்னும் செல்லுபடியானவை. அதேபோல விலைப்பட்டியல் டெம்ப்ளேட்டை யாரும் திருத்தமாட்டார்கள், தினமும் திறப்பார்கள். இவற்றைக் கையால் பொறுக்கி வெளியே எடுத்துவிடுங்கள்.

மிச்சத்தை டிபார்ட்மென்ட் வாரியாகப் பிரிக்கத்தான் எல்லாருக்கும் கை துறுதுறுக்கும். 'யார் பார்க்கலாம்' என்ற கணக்கில் பிரியுங்கள். உங்கள் அளவுக்கு ஐந்து ஷேர்டு டிரைவ் போதும்: நிர்வாகம், கணக்கு, சம்பளம், வேலைகள், பொது. கணக்கையும் சம்பளத்தையும் ஏன் பிரிக்கிறோம்? பில் போடும் பிள்ளைக்கு டைரக்டர் சம்பளம் தெரிய வேண்டியதில்லை. மேல்மட்டத்தில் கொடுத்த அனுமதியை உள்ஃபோல்டரில் ஒவ்வொன்றாகக் குறைத்துக்கொண்டே போனால், ஆறு மாதத்தில் யாருக்கு எது தெரியும் என்று உங்களுக்கே தெரியாது.

'வேலைகள்' டிரைவில் வாடிக்கையாளர், அதற்குள் வேலை எண், அவ்வளவுதான். மூன்றாம் மட்டத்துக்கு மேல் போகவிடாதீர்கள். டெக்னீஷியன்களுக்கு கான்ட்ரிபியூட்டர் அனுமதி கொடுங்கள். கோப்பு சேர்க்கலாம், திருத்தலாம். நகர்த்தவோ அழிக்கவோ முடியாது. நகர்த்தவும் அழிக்கவும் விடும் கன்டென்ட் மேனேஜர் அனுமதியை எல்லாருக்கும் கொடுத்தால், போனில் விரல் பட்டு ஒரு ஃபோல்டரே இன்னொன்றுக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். 'காணாமல் போச்சு' என்று வரும் புகாரில் பாதி இதுதான்.

வாரத்துக்கு ஒரு டிரைவ் வீதம் மாற்றுங்கள். மாற்றி முடித்த அன்றே பழைய இடத்தைப் பூட்டி வியூவராக்கிவிட வேண்டும். இல்லாவிட்டால் பழக்கதோஷத்தில் அங்கேயே சேமிப்பார்கள்.

பிரிக்ஃபீல்ட்ஸ், கணக்காளர் அலுவலகம்: நகர்த்தினா லிங்க் எல்லாம் உடைஞ்சிடுமா?

கூகுள் டிரைவில் லிங்க் கோப்பின் அடையாள எண்ணைப் பிடித்துக்கொண்டிருக்கிறது, ஃபோல்டரை அல்ல. எங்கே நகர்த்தினாலும் அதே லிங்க் திறக்கும், பார்ப்பவருக்குப் புது இடத்தில் அனுமதி இருந்தால். நகல் எடுத்தால் கதை வேறு: புது லிங்க் வரும், பழைய வெர்ஷன் வரலாறும் கூட வராது.

உங்கள் தொழிலில் உண்மையான ஆபத்து எக்செல். ஒரு ஒர்க்புக் இன்னொன்றிலிருந்து எண்ணை இழுத்தால், அது இருப்பிடத்தைத்தான் எழுதி வைத்திருக்கும். நகர்த்திய பிறகும் பழைய எண்ணையே காட்டிக்கொண்டிருக்கும், யாரும் கவனிக்கமாட்டார்கள். நகர்த்தும் முன் டேட்டா மெனுவில் 'எடிட் லிங்க்ஸ்' (புது எக்செல்லில் 'ஒர்க்புக் லிங்க்ஸ்') திறந்து எந்தக் கோப்பு எதை இழுக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். ஒன்றையொன்று இழுப்பவற்றைச் சேர்த்தே நகர்த்தி, பிறகு அதே இடத்தில் புது இருப்பிடத்தைக் காட்டுங்கள்.

பட்டர்வொர்த், ஃபார்வர்டிங் கம்பெனி: ஷேர்பாயின்ட்டை கம்ப்யூட்டர்ல சிங்க் பண்ணியிருக்கோம். சில கோப்பு பிரவுசர்ல திறக்குது, எக்செல்ல திறக்கமாட்டேங்குது. கோப்பு கெட்டுப்போச்சா?

கெடவில்லை, பாதைதான், அதாவது ஃபோல்டர் பெயர்களும் கோப்புப் பெயரும் சேர்ந்த முழு முகவரிதான், நீண்டுவிட்டது. ஷேர்பாயின்ட் 400 எழுத்து வரை ஏற்கும். விண்டோஸின் பழைய எல்லை 260. எக்செல்லுக்கோ கோப்புப் பெயரும் சேர்த்து 218தான். எண்ணிப் பாருங்கள்: சி டிரைவ், யூசர் பெயர், அடுத்து கம்பெனியின் முழுப்பெயர் 'செண்டிரியான் பெர்ஹாட்' வால் உட்பட, அடுத்து சைட் பெயர், 'டாக்குமென்ட்ஸ்'. உங்கள் ஃபோல்டர் தொடங்கும் முன்பே 80, 90 எழுத்து போயிருக்கும். அதற்குப் பிறகு '2024 இம்போர்ட் ஷிப்மென்ட்', அதற்குள் 'ஷிப்மென்ட் 2024 இம்போர்ட் மார்ச்', கோப்புப் பெயரிலும் அதே சொற்கள். மேல் ஃபோல்டர் சொன்னதைக் கீழே திரும்பச் சொல்லாதீர்கள், பாதி சரியாகும். மீதிக்கு, லைப்ரரி முழுவதையும் சிங்க் செய்யாமல் நடப்பு ஆண்டு ஃபோல்டரை மட்டும் ஒன்டிரைவ் ஷார்ட்கட்டாகச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பாயான் லெப்பாஸ், மனிதவளப் பிரிவு: ஊழியர் கோப்பைத் தேடுனா கிடைக்கவே மாட்டேங்குது. ஒரே ஆளுக்கு மூணு ஃபோல்டர் இருக்கு.

நம் பெயர்களில் வரும் ஏ/எல் (மகன்), ஏ/பி (மகள்) என்பதுதான் காரணம். அந்தச் சாய்கோட்டை விண்டோஸும் ஷேர்பாயின்ட்டும் பெயரில் ஏற்பதில்லை. ஆகவே ஒருவர் சேர்த்து எழுதுவார், ஒருவர் இடையில் கோடு போடுவார், ஒருவர் இடைவெளி விடுவார், மூன்றும் மூன்று ஃபோல்டராகிவிடும். ஊழியர் எண்ணை முன்னால் போட்டு, அடுத்து ஊழியரின் பெயர் மட்டும்: '0147 கவிதா'. முழுப்பெயர் ஐசி (அடையாள அட்டை) நகலில் இருக்கிறது, ஃபோல்டர் பெயரில் தேவையில்லை. ஐசி எண்ணையும் பெயரில் போடாதீர்கள்.

இன்னொன்று, 'லிங்க் உள்ள யாரும் பார்க்கலாம்' என்று திறந்துவிட்ட ஐசி நகல்கள் இருக்கின்றனவா என்று இன்றே பாருங்கள். தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 2024 திருத்தப்படி, 2025 ஜூன் 1 முதல் தரவுக் கசிவை ஆணையரிடம் 72 மணி நேரத்துக்குள் தெரிவிக்கும் கடமை வந்துவிட்டது.

செராஸ்: 'ஃபைனல்', 'ஃபைனல் 2', 'ஃபைனல் பாஸ் ஓகே'. இதுக்கு மருந்து?

ஒரே பெயர், ஒரே கோப்பு. மாற்றங்களை வெர்ஷன் ஹிஸ்டரி வைத்துக்கொள்ளும். ஒரு எச்சரிக்கை: கூகுள் டிரைவில் ஏற்றிய பிடிஎஃப், எக்செல் கோப்புகளின் பழைய பதிப்புகள் 30 நாளிலோ 100 பதிப்புக்குப் பிறகோ போய்விடும். கையெழுத்தான பதிப்பில் 'கீப் ஃபாரெவர்' அழுத்துங்கள். தேதி போட்டே ஆகவேண்டிய கோப்புக்கு 2025-03-14 என்று ஆண்டை முன்னால் வையுங்கள், தானாக வரிசைப்படும். 14-3-25 என்று எழுதினால் எல்லா மாதத்து 14-ஆம் தேதியும் ஒன்றாகக் கூடிவிடும்.

ஜார்ஜ்டவுன், பதிப்பகம்: ஃபோல்டர் பெயரைத் தமிழில் வைக்கலாமா, ஐயா?

தாராளமாக, திறப்பவர் எல்லாருக்கும் தமிழ் தெரியுமென்றால். தேடலில் ஒரு சிக்கல் வரும். சில பழைய விசைப்பலகைகள் 'கொ' என்பதில் வரும் துணைக்குறியை இரண்டு துண்டாக எழுதும். கண்ணுக்கு ஒன்றுபோலத் தெரியும், தேடினால் சில நேரம் அகப்படாது. முன்னால் ஒரு எண் இருந்தால் பிழைத்தீர்கள். பல இனத்தவர் வேலை செய்யும் ஆபீஸில் வேறு சங்கடம்: ஒருவர் 'கொட்டேஷன்' என்பார், இன்னொருவர் அதையே மலாயில் 'செபுட் ஹர்கா' என்பார். எந்த மொழியானாலும் சரி, இருபது சொல் கொண்ட ஒரு பட்டியல் போட்டு அதையே எல்லாரும் எழுதட்டும்.

பட்டர்வொர்த், அதே கம்பெனி: ஃபோல்டர் சரியாயிடும். ஆனா விஷயமெல்லாம் ரெண்டு சீனியர் தலையிலயும் வாட்ஸ்அப் குரூப்லயும்தான் கிடக்கு. அதை எப்படி வெளியே எடுக்கிறது?

சீனியரை எழுதச் சொன்னால் நடக்காது. நேரம் இல்லை, தனக்குத் தெரிந்தது எழுத வேண்டிய அளவுக்குப் பெரிய விஷயம் என்று அவருக்குத் தோன்றுவதும் இல்லை. கேட்டவர் எழுதட்டும், தெரிந்தவர் பத்து நிமிடம் திருத்தட்டும். குரூப்பில் ஒரே கேள்வி இரண்டாம் முறை வந்தால் அது ஒரு பக்கம் ஆகவேண்டும்.

தலைப்பு, ஜனங்கள் கேட்கும் கேள்வியாகவே இருக்கட்டும். கே1 என்ற சுங்க இறக்குமதிப் படிவத்தையே எடுத்துக்கொள்ளுங்கள்: 'கே1 நடைமுறை' என்றால் யாரும் திறக்கமாட்டார்கள், 'கே1-ல் எச்எஸ் கோடு (சரக்கு வகை எண்) தப்பாகப் போட்டுவிட்டேன், இப்போது என்ன?' என்றால் திறப்பார்கள். கீழே படிகள், எந்தத் திரையில் எதை அழுத்துவது, யாருக்குப் போன் செய்வது, வழக்கமாக எங்கே பிசகும். மேல் மூலையில் பொறுப்பாளர் பெயரும் கடைசியாகச் சரிபார்த்த தேதியும். தேதி ஒரு வருடம் தாண்டினால் அந்தப் பக்கத்தைச் சந்தேகத்தோடுதான் படிக்க வேண்டும். ஒரு பக்கத்துக்கு மேல் நீண்டால் இரண்டாக வெட்டுங்கள்.

எல்லாப் பக்கத்துக்கும் ஒரே அட்டவணை, அதன் லிங்க் வாட்ஸ்அப் குரூப் விவரத்தில். அடுத்த முறை யாராவது கேட்டால் பதிலை டைப் பண்ணாதீர்கள், பக்கத்தின் லிங்க்கை மட்டும் போடுங்கள். கேட்டவருக்குப் புரியவில்லை என்றால் பக்கத்தில்தான் குறை, அங்கேயே திருத்துங்கள்.

கிள்ளான் லாமா: வேலையை விட்டுப் போறவங்க கணக்கை உடனே அழிச்சிடலாமா?

வேண்டாம். கூகுளில் அவர் 'மை டிரைவ்' கோப்புகள் அவர் கணக்கோடு போய்விடும். முதலில் கடவுச்சொல்லை மாற்றுங்கள், உரிமையை இன்னொருவருக்கு மாற்றுங்கள், அதற்குப் பிறகு அழியுங்கள். அவசரப்பட்டு அழித்திருந்தால் 20 நாளுக்குள் அட்மின் கணக்கை மீட்கலாம். ஒன்டிரைவில் செட்டிங்கை நீங்கள் மாற்றியிராவிட்டால் 30 நாள்.

அதே நபர்: பழைய பில்லெல்லாம்?

நிறுவனச் சட்டம் 2016-ம் வருமான வரிச் சட்டமும் கணக்குப் பதிவுகளுக்கு 7 ஆண்டு கேட்கின்றன. ஆர்க்கைவில் ஆண்டு வாரியாகப் போட்டு, 2025 பில் என்றால் ஃபோல்டர் பெயரிலேயே 'அழிக்கலாம் 2033' என்று எழுதிவிடுங்கள்.