விரலுக்கேற்ற பேஸ்: வாசகர் கேள்வி பதில்

வயது ஏற ஏற, தாழ்ந்த ஸ்வரங்களை ஒலிக்கும் பேஸ் கிட்டாரை எப்படிக் கையாளுவது என்று சென்ற இதழில் நான் எழுதிய சில வரிகளைப் படித்துவிட்டுப் புதுச்சேரியிலிருந்தும் கடலூரிலிருந்தும் பலர் எழுதியிருக்கிறார்கள். பெரும்பாலான கடிதங்களில் ஒரே அச்சம்தான் தெரிந்தது: வாசிப்பதை நிறுத்திக்கொள்ள வேண்டிய காலம் வந்துவிட்டதோ என்பது. நாற்பது ஆண்டுகளாக மெல்லிசை மேடைகளிலும் தேவாலயப் பாடற்குழுக்களிலும் இந்த வாத்தியத்தோடு வாழ்ந்தவன் என்ற முறையில் சொல்கிறேன், இவர்களில் பலருக்கு மாற்ற வேண்டியது வாத்தியத்தின் அமைப்பைத்தான். ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்து, பெயர்களைத் தவிர்த்து, இங்கே பதில் தருகிறேன்.

கேள்வி: எனக்கு 61 வயது. 35 ஆண்டுகளாக ஆர்கெஸ்ட்ராவில் பேஸ் வாசிக்கிறேன். ஓராண்டாக இடது கைக் கட்டைவிரலின் அடியில் வலி இருக்கிறது. காலையில் விரல்கள் மடங்க மறுக்கின்றன. சர்க்கரையும் உண்டு. என்னிடம் உள்ள 34 அங்குலக் கம்பி நீளமுள்ள பேஸை விற்றுவிட்டு 30 அங்குல பேஸ் வாங்கலாமா, அல்லது வாசிப்பதையே விட்டுவிடலாமா? (வாசகர், மஞ்சக்குப்பம், கடலூர்)

பதில்: விட்டுவிட வேண்டாம், விற்பதற்கும் அவசரப்பட வேண்டாம். முதலில் மருத்துவரைப் பாருங்கள். கட்டைவிரலின் அடி மூட்டில் தேய்மானம் ஏற்படுவது இந்த வயதில் பரவலாகக் காணப்படுவதுதான். மடக்கிய விரல் நிமிர மறுத்து, பிறகு ஒரு சொடுக்கோடு நிமிரும் ‘ட்ரிகர் ஃபிங்கர்’ என்ற கோளாறு சர்க்கரை உள்ளவர்களுக்குக் கூடுதலாக வருகிறது. காலை விறைப்பு அரை மணி நேரத்தையும் தாண்டி நீடித்து, மூட்டுகள் வீங்கியும் இருந்தால் அது முடக்குவாதமாக இருக்கக்கூடும். முடக்குவாதத்திற்குத் தொடக்கத்திலேயே மருந்து எடுத்துக்கொண்டால்தான் மூட்டுகளைக் காப்பாற்ற முடியும். இந்த மூன்றுக்கும் சிகிச்சை வெவ்வேறு என்பதால், தைலம் தேய்த்துக்கொண்டு இன்னோர் ஆண்டைக் கடத்திவிடாதீர்கள்.

அடுத்து, உங்கள் பேஸின் 17ஆம் ஃப்ரெட்டில் (கழுத்தின் குறுக்கே பதித்த உலோகப் பட்டையில்) கம்பிக்கும் ஃப்ரெட்டுக்கும் இடையே உள்ள உயரத்தை அளந்து பாருங்கள். தடித்த ஈ கம்பிக்கு ஏறக்குறைய 2.4 மி.மீ., மெல்லிய ஜி கம்பிக்கு 2 மி.மீ. என்பது ஃபெண்டர் நிறுவனம் தன் பேஸ்களுக்குத் தரும் அளவு. நம் பக்கத்து மேடைகளில் இதைப் போல இரு மடங்கு உயரத்தில் கம்பி நின்று, அழுத்தவே சிரமமான பேஸ்களை நான் எத்தனையோ முறை கையில் வாங்கிப் பார்த்திருக்கிறேன். சித்திரை வெயிலுக்கும் ஐப்பசி மழைக்கும் இடையே கழுத்து மரம் ஈரத்தை வாங்கியும் விட்டும் வளைவு மாறிக்கொண்டே இருக்கிறது. அந்த மாற்றம் மெல்ல நடப்பதால், வாத்தியம் கெட்டுவிட்டது என்று தோன்றாமல் நம் கைதான் பலவீனமாகிவிட்டது என்று தோன்றுகிறது. ஆண்டுக்கு இரண்டு முறையாவது, குறிப்பாக மழைக்காலம் முடிந்ததும், கழுத்தைச் சரிபார்க்க வேண்டும். கழுத்துக்குள் இருந்து அதன் வளைவைச் சரிசெய்யும் இரும்புத் தண்டான ட்ரஸ் ராடை நீங்களே திருப்புவதானால் ஒரு நாளில் கால் சுற்றுக்கு மேல் திருப்பாதீர்கள்.

இப்போது 30 அங்குலத்திற்கு வருவோம். லியோ ஃபெண்டர் 1951இல் வெளியிட்ட பிரிசிஷன் பேஸ் 34 அங்குலக் கம்பி நீளத்தோடு வந்தது. அதுவே இன்றுவரை பொது அளவாக நிலைத்துவிட்டது. 30 அங்குலம் என்பதைச் சிறுவர்களுக்கான அளவு என்று நம் வட்டாரத்தில் பலர் நினைக்கிறார்கள். ஆனால் பீட்டில்ஸ் குழுவின் பால் மெக்கார்ட்னி 1961இல் ஹாம்பர்க் நகரில் வாங்கிய வயலின் வடிவ ஹோஃப்னர் பேஸின் நீளமும் அவ்வளவுதான். எண்பது வயதைக் கடந்த பிறகும் அவர் அதே வடிவ பேஸை மாட்டிக்கொண்டுதான் மேடையேறுகிறார். ஒரே தடிமனுள்ள கம்பியை ஒரே சுருதிக்கு ஏற்றும்போது, இழுவிசை நீளத்தின் வர்க்கத்திற்கு ஏற்ப மாறும். எனவே 34இலிருந்து 30க்கு இறங்கினால் இழுவிசை ஏறக்குறைய 22 விழுக்காடு குறைகிறது. விரல் விரிப்பும் குறைகிறது: 34 அங்குல பேஸில் முதல் ஃப்ரெட்டிலிருந்து நான்காம் ஃப்ரெட் வரை 13 செ.மீ.; 30 அங்குலத்தில் 11.4 செ.மீ. இந்த ஒன்றரை சென்டிமீட்டர் இருபது வயதுக் கைக்குப் பொருட்டே இல்லை. அறுபது வயதுக் கட்டைவிரல் மூட்டுக்கு அது நாலு மணி நேரக் கச்சேரியை முடிப்பதற்கும் பாதியில் உட்கார்ந்துவிடுவதற்கும் இடையிலான தூரம்.

ஆனாலும் விற்க அவசரப்பட வேண்டாம் என்று ஏன் சொன்னேன் என்றால், அந்தப் பலனில் பெரும்பகுதியை இருக்கும் பேஸிலேயே பெற முடியும். 45இலிருந்து 105 வரையிலான (தடிமன், அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்குக் கணக்கில்) வழக்கமான கம்பித் தொகுதிக்குப் பதிலாக 40இலிருந்து 95 வரையிலான மெல்லிய தொகுதியைப் போட்டால், இழுவிசை ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைந்துவிடும். விரிப்பைக் குறைக்க, வாசிக்கும் இடத்தை மாற்றுங்கள். ஏ கம்பியின் 3ஆம் ஃப்ரெட்டில் உள்ள அதே ‘சி’ ஸ்வரம் ஈ கம்பியின் 8ஆம் ஃப்ரெட்டிலும் இருக்கிறது. 5ஆம் ஃப்ரெட்டுக்கும் 8ஆம் ஃப்ரெட்டுக்கும் இடையே தூரம் 10 செ.மீ. சொச்சம்தான். நாதமும் அங்கே இன்னும் உருண்டு திரண்டு வரும். கீழ் ஃப்ரெட்டுகளில் வாசித்தே தீர வேண்டிய இடங்களில், நின்றபடி வாசிக்கும் பெரிய வயலின் போன்ற டபுள் பேஸ் கலைஞர்கள் பல தலைமுறைகளாகப் பின்பற்றும் முறையைக் கைக்கொள்ளுங்கள்: ஆள்காட்டி விரல், நடுவிரல், பிறகு மோதிர விரலும் சுண்டுவிரலும் சேர்ந்து ஒரே விரலாக, நான்கு ஃப்ரெட்டுக்குப் பதில் மூன்று ஃப்ரெட்டை மட்டும் கைக்குள் வைத்துக்கொண்டு, நான்காவது தேவைப்படும்போது கையையே நகர்த்துவது. ஃப்ரெட்டுக்கு ஒரு விரல் என்று பயிற்சி பெற்றவர்களுக்கு முதல் மாதம் இது குழப்பமாக இருக்கும். எனக்கு 57 வயதில் இதைப் பழக மூன்று மாதம் பிடித்தது. கட்டைவிரல் வலி அதன் பிறகுதான் தணிந்தது.

கட்டைவிரலை இடுக்கி போல் கழுத்தின் பின்புறம் அழுத்துகிறீர்களா என்றும் பாருங்கள். கட்டைவிரலை எடுத்துவிட்டு, முழங்கையின் எடையாலேயே கம்பியை அழுத்தி ஒரு பல்லவியை வாசித்துப் பார்த்தால், எவ்வளவு வலிமையை வீணாகச் செலவிட்டு வந்திருக்கிறோம் என்பது அன்றைக்கே விளங்கிவிடும்.

கேள்வி: வலது கையின் இரண்டு விரல்களும் முன்போல் ஓடவில்லை. வேகமான பாடல்களில் ஸ்வரங்களை விட்டுவிட்டு வாசிக்கலாமா? வயது 58. (வாசகர், அரியாங்குப்பம்)

பதில்: எந்தப் பாடல் என்பதைப் பொறுத்தது. தமிழ்த் திரையிசையில் பேஸ் வெறும் தாளத் துணையாக நிற்பதில்லை. இளையராஜாவின் இசையில் சசிதரன் வாசித்த பேஸைக் கேட்டு வளர்ந்த செவிகளுக்கு, அது பாடகரின் குரலுக்குக் கீழே ஓடும் இன்னொரு மெட்டு. அதில் ஒரு ஸ்வரத்தை உருவினாலும் முன்வரிசையில் இருப்பவர் தலையைத் தூக்கிப் பார்ப்பார். அத்தகைய இடங்களில் ஸ்வரத்தை விட வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. ஒரே ஸ்வரத்தைத் திரும்பத் திரும்பத் தட்டும் குத்துப் பாடல்களில் எட்டுத் தட்டை நான்காக்கினால், டிரம்ஸின் அடியோடு சரியாகப் பொருந்தும் வரை, யாருக்கும் குறை தெரியாது.

ஒன்றை எண்ணிப் பாருங்கள். அமெரிக்காவின் மோட்டவுன் இசை நிறுவனப் பதிவுகளில் வாசித்த ஜேம்ஸ் ஜேமர்சன் வலது கையின் ஆள்காட்டி விரல் ஒன்றை மட்டுமே பயன்படுத்தினார். அமெரிக்க ஸ்டுடியோ கலைஞர் கேரல் கே, கம்பியை மீட்டும் சிறு தகடான பிக் கொண்டே வாசித்தார். இரண்டு விரல் என்பது ஒரு பழக்கம் மட்டுமே, பிக் பிடிப்பதில் எந்தக் குறைவும் கிடையாது. மென்மையாகத் தட்டி, ஆம்பின் (ஒலிபெருக்கியின்) ஒலியளவைச் சற்றுக் கூட்டிக்கொண்டால் விரலின் களைப்பு பாதியாகும்.

கேள்வி: கச்சேரி முடிந்த மறுநாள் இடது தோளைத் தூக்க முடிவதில்லை. வண்டியிலிருந்து ஆம்பை இறக்குவதே இப்போது பெரும்பாடு. வயது 54. (வாசகர், முத்தியால்பேட்டை)

பதில்: வழக்கமான பேஸ் நான்கு கிலோவுக்கும் சற்று மேல் இருக்கும், அதை ஒரே தோளில் மணிக்கணக்கில் தொங்கவிடுகிறோம். மூன்று அங்குலத்திற்குக் குறையாத அகலமுள்ள ஸ்ட்ராப் வாங்குங்கள். பிறகு, பேஸை மாட்டிக்கொண்டு இரு கைகளையும் விட்டுவிடுங்கள். தலைப்பகுதி தரையை நோக்கிச் சரிகிறது என்றால், இத்தனை ஆண்டுகளாக வாசிப்பதோடு சேர்த்துக் கழுத்தைத் தூக்கிப் பிடிக்கும் வேலையையும் உங்கள் இடது கை செய்து வந்திருக்கிறது. தோள் வலிக்கு அதுவே காரணமாக இருக்கலாம். எடை குறைந்த முறுக்காணிகளைப் பொருத்துவதும், உட்புறம் சொரசொரப்பான தோல் ஸ்ட்ராப் போடுவதும் இதைப் பெருமளவு சரிசெய்யும். பேஸைத் தொடை வரை தொங்கவிடும் இளமைக்காலப் பழக்கத்தை இப்போதாவது கைவிட்டு, உட்கார்ந்து வாசிக்கும்போது அது இருக்கும் உயரத்திற்கே நிற்கும்போதும் ஸ்ட்ராப்பை ஏற்றிவிடுங்கள். மணிக்கட்டு வளைவு குறையும். ஸ்டூலில் அமர்ந்து வாசிப்பதையும் யாரும் குறைவாகக் கருதப்போவதில்லை.

ஆம்ப் விஷயத்தில் காலம் நமக்கு உதவியிருக்கிறது. பழைய ஆம்புகளின் எடை பெரும்பாலும் இரும்புக் கருவுள்ள டிரான்ஸ்ஃபார்மரின் எடை. கிளாஸ் டி வகை ஆம்புகள் இரண்டு மூன்று கிலோ எடைக்குள் 500 வாட் தருகின்றன. நியோடிமியம் காந்தம் கொண்ட ஸ்பீக்கர்கள் கேபினெட்டின் எடையையும் குறைத்துவிட்டன. புது பேஸுக்குச் சேர்த்து வைத்த பணம் இருந்தால் முதலில் இதற்குச் செலவிடுங்கள்.

கேள்வி: கோவில் பாடற்குழுவில் வாசிக்கிறேன். கடல் காற்றில் கம்பி சீக்கிரம் துருப்பிடிக்கிறது. ஃபிளாட்வூண்ட் கம்பி போடலாமா? (வாசகர், வில்லியனூர்)

பதில்: போடலாம். பட்டையாகச் சுற்றிய அந்தக் கம்பி வழவழப்பாக இருப்பதால் விரல் நுனியை அராவாது, வியர்வையும் அழுக்கும் இடுக்குகளில் தங்காது, பல ஆண்டுகள் உழைக்கும். பாடற்குழுவின் குரல்களோடும் நன்றாகக் கலக்கும். ஆனால் உருண்டையாகச் சுற்றிய, அதே தடிமனுள்ள வழக்கமான ரவுண்ட்வூண்டை விடப் பல ஃபிளாட்வூண்ட் கம்பிகளுக்கு இழுவிசை அதிகம். விரல் வலி உள்ளவர்கள் இழுவிசை குறைந்த தொகுதி என்று கேட்டு வாங்க வேண்டும். எந்தக் கம்பியானாலும், வாசித்து முடித்ததும் உலர்ந்த பருத்தித் துணியால் துடைத்து, உறைக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்றைப் போட்டு வையுங்கள்.

கேள்வி: கச்சேரி முடிந்தால் இரவெல்லாம் காதில் ‘ங்கொய்’ என்ற இரைச்சல். மேடையில் என் பேஸ் எனக்கே தெளிவாகக் கேட்பதில்லை. ஒலியைக் கூட்டினால் சவுண்ட் சர்வீஸ்காரர் சண்டைக்கு வருகிறார். வயது 63. (வாசகர், திருப்பாப்புலியூர், கடலூர்)

பதில்: வந்த கடிதங்களில் என்னை அதிகம் கவலைப்பட வைத்தது இதுதான். கையில் வரும் கோளாறுகளில் பலவற்றுக்குச் சிகிச்சை உண்டு. உட்செவியில் அழிந்த உணர்செல்கள் மீண்டும் முளைப்பதில்லை. 85 டெசிபல் ஒலியில் எட்டு மணி நேரம் இருக்கலாம் என்பது பணியிடங்களுக்கு அமெரிக்க ஆய்வு நிறுவனமான நியாஷ் பரிந்துரைக்கும் எல்லை. அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் அந்த நேரம் பாதியாகும். 100 டெசிபலில் அது 15 நிமிடம்தான். திருவிழா மேடையில் டிரம்ஸின் சிம்பலுக்குப் பக்கத்தில் நான்கு மணி நேரம் நிற்பவருக்கு இந்தக் கணக்கு என்ன சொல்கிறது என்பதை நான் விளக்க வேண்டியதில்லை.

பஞ்சை அடைத்துக்கொள்வது போதாது. அது மேல் ஒலிகளை மட்டும் மழுக்கும், காப்பும் மிகக் குறைவு. எல்லா அலைவரிசைகளையும் ஏறக்குறைய ஒரே அளவில் குறைக்கும் இசைக்கலைஞர்களுக்கான காதடைப்பான்கள் கிடைக்கின்றன. காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் சென்று செவித்திறன் சோதனையும் செய்துகொள்ளுங்கள். ஒரு காது மட்டும் திடீரென மந்தமானால் அன்றைக்கே போக வேண்டும்.

உங்கள் பேஸ் உங்களுக்குக் கேட்காததற்கு இன்னொரு காரணமும் உண்டு. திறந்த (விரல் வைத்து அழுத்தாத) ஈ கம்பியின் அதிர்வு விநாடிக்கு 41. காற்றில் அதன் அலைநீளம் எட்டு மீட்டருக்கும் மேல். வயதோடு குறைவது மேல் அலைவரிசைகளைக் கேட்கும் திறன். ஸ்வரம் எது என்று நமக்குக் காட்டித் தருபவையோ பேஸின் மேல் ஒலிகள். தரையில் வைத்த ஆம்ப் அவற்றை உங்கள் முழங்காலுக்குத்தான் அனுப்புகிறது. ஆகவே ஆம்பை நாற்காலி உயரத்திற்கு ஏற்றிக் காதை நோக்கிச் சாய்த்து வைத்து, அதிலுள்ள பேஸ் (தாழ் ஒலி) குமிழைச் சற்றுக் குறைத்து, 700 முதல் 1000 ஹெர்ட்ஸ் வரையிலான மிட் (நடு ஒலி) பகுதியைச் சற்றுக் கூட்டுங்கள். மொத்த ஒலியைக் கூட்டாமலே ஒவ்வொரு ஸ்வரமும் பிரிந்து கேட்கும். சவுண்ட் சர்வீஸ்காரரோடும் சமாதானம் ஆகிவிடலாம்.

கேள்வி: என் அப்பாவுக்கு 67 வயது. பணி ஓய்வுக்குப் பிறகு பேஸ் கிட்டார் கற்க ஆசைப்படுகிறார். இளமையில் பஜனைகளில் மிருதங்கம் வாசித்தவர். இந்த வயதில் வருமா? வீட்டில் எல்லோரும் தயங்குகிறோம். (வாசகி, லாஸ்பேட்டை)

பதில்: தயக்கத்தை விட்டுவிடுங்கள், அம்மா. காலப்பிரமாணம் கையில் உள்ளவருக்கு பேஸில் பாதிப் பாடம் முடிந்துவிட்டது. நான்கு கம்பி, 30 அங்குலம், எடை குறைந்தது, மெல்லிய கம்பித் தொகுதி என்று கேட்டு வாங்கிக்கொடுங்கள். ஐந்து கம்பி வேண்டாம். முதல் மாதம் நாளுக்குப் பதினைந்து நிமிடம், தெரிந்த பாடலுக்குத் திறந்த கம்பிகளை மட்டும் தாளத்தோடு தட்டினால் போதும். விரல் வலித்தால் அன்றைய பாடம் அங்கேயே முடிந்தது. ஆண்டுதோறும் ஜூன் 21ஐ ஒட்டிப் புதுச்சேரியில் ஃபெத் தெ லா மியூசிக் என்ற இசைத் திருவிழா நடக்கும்போது அவரை அழைத்துச் சென்று, மேடையைப் பார்த்தபடி வலப்புறமாக நிற்கச் சொல்லுங்கள். அங்கிருந்து பார்த்தால் பேஸ் வாசிப்பவரின் இடது கை நன்றாகத் தெரியும்.